பதினெட்டாம் ஜாடியின் சீட்டு

முப்பத்தோராண்டு காலம் மூச்சும் முனைப்புமாய் நம் பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்தைக் கட்டிக் காத்த காவலரே! கரும்பலகையில் ஒரு தவளையை வரைந்தால் அது தாவிவிடுமோ என்று முதல் பெஞ்சைப் பின்வாங்க வைத்த கைவண்ணரே! ராயகிரியிலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கி, வகுப்பு மணிக்கு முன்னே வாசலில் நின்று, தாமதமாய் வந்த எங்களைத் தலைகுனிய வைத்த தகைசால் பெருந்தகையே! படைத்தவருக்கு அஞ்சி, படித்ததற்கு அஞ்சி, பாடம் கேட்கும் பிள்ளைக்கும் அஞ்சிய பண்பாளரே! முதுகலை விலங்கியல் ஆசிரியர் திரு. ஜெபசிங் அவர்களே!

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், ஆசிரியர் அலுவலர் சங்கச் செயலாளர் என்ற முறையில், தாவரவியல் ஆசிரியை சிவசக்தியாகிய நான் இம்மடலை வாசிக்கிறேன். நான் பயந்திருக்கிறேன்.

தமிழாசிரியர் குருசாமி ஐயா பதினொரு அடைமொழிகள் எழுதித் தந்தார். அவற்றில் ஏழு மட்டும் எடுத்துக்கொண்டேன். 'வாரி வழங்கும் வள்ளலே' என்று எழுதியிருந்தார். தாங்கள் யாருக்கும் அரை மதிப்பெண்கூட வழங்கி நான் பார்த்ததில்லை, ஆகவே அடித்துவிட்டேன். 'அச்சம் அறியா ஆண்சிங்கமே' என்பதையும் அடித்துவிட்டேன். நான் கண்ட மனிதர்களில் தங்களைப் போல அச்சப்பட்டவர் ஒருவரும் இல்லை. குருசாமி ஐயா என்மேல் வருத்தமாக இருக்கிறார். ஆனால் பாராட்டு மடல் என்பது ஒரு மனிதர்மேல் நாங்கள் ஒட்டும் சீட்டு. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். தப்பான சீட்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் வரிசையில் பனவடலிசத்திரத்து அன்னக்கிளி அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மகள், நம் பழைய மாணவி இசக்கிசெல்வி. நான் வரமாட்டேன் என்று சொன்ன அம்மாவை மகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். ஜெபசிங் சார் ஒட்டிய தப்பான சீட்டால்தான் தன் மகள் சாவின் வாசல்வரை போய் வந்தாள் என்று அந்தத் தாய் ஆறு ஆண்டுகளாக நம்புகிறார். இந்த அரங்கில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்தச் சீட்டைப் பற்றி இன்று நான் பேசியாக வேண்டும். பேசி முடிக்கும் முன் என் தைரியம் போய்விடக்கூடாதே என்பதுதான் இப்போதைக்கு என் பயம்.

அறிவுக்கண் திறந்த ஆசானே! தங்களுக்கு அறிவியல் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்; அது தெரியாமல் அந்தச் சீட்டின் கதை விளங்காது. உலகமும் உயிர்களும் ஆறு நாளில் படைக்கப்பட்டன என்று நம்புகிறவர் எப்படி விலங்கியல் நடத்துவார் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் முணுமுணுத்ததுண்டு. முணுமுணுத்தவர்களில் முதல் ஆள் நான்தான். தாங்களோ ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளில், பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே, ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் சீட்டில்லாத ஒரு ஜாடியை வைப்பீர்கள். பாடவேளை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அதற்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும், ஏன் அந்தப் பெயர் என்றும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுத வேண்டும். 'தெரியவில்லை' என்று எழுதிய பிள்ளைகளை மட்டும் தாங்கள் தோளில் தட்டிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடவுள் விலங்குகளைப் படைத்து, இவன் என்ன பெயர் வைக்கிறான் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாய் ஆதாமிடம் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது தங்கள் வேதத்தில் உள்ள செய்தி. பெயர் வைக்கும் அந்த வேலைக்குத்தான் பிற்காலத்தில் அறிவியல் என்று பெயர் வந்தது என்பீர்கள். படைத்தவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் பயந்து பார், பயந்து எழுது என்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கேட்ட வாக்கியம் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. "படைப்பு பொய் சொல்லாது பிள்ளைகளா. அதுக்குச் சீட்டு ஒட்டுதவன்தான் பொய் சொல்லுவான்."

தங்கள் கருத்தை நான் ஒப்புக்கொண்டவள் அல்லேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. இலையின் குறுக்குவெட்டைக் காட்டி, இந்தச் செடிக்கும் அந்தச் செடிக்கும் இருக்கும் ஒற்றுமை இரண்டும் ஒரே வழியில் வந்த உறவைச் சொல்கிறது என்பேன். தாங்கள் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இரண்டையும் செய்த கை ஒன்று என்றுதான் எனக்குத் தெரிகிறது என்பீர்கள். எல்லாம் தற்செயலாய் வந்தது என்றால் நாளைக்கு அது தற்செயலாய் மாறியும் போகலாம், சொன்ன சொல் மாறாத ஒருவர் செய்தது என்பதால்தான் நேற்றைய சோதனை இன்றும் பலிக்கும் என்று நம்பி ஆய்வகத்தைத் திறக்கிறேன் என்பீர்கள். பாறைகளின் வயதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பீர்கள். இருபது ஆண்டுகள் தேநீர் இடைவேளையில் நடந்த அந்த வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வரும் வாரம் எங்களுக்கெல்லாம் காய்ச்சல் வாரம். அந்தப் பாடத்தை நடத்தியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடும்படி சபைப் பெரியவர் ஒருவர் தங்களிடம் வந்து சொன்னார். வகுப்பில் மதம் பேசுகிறீர்களாமே, மனுப் போடுவேன் என்று பெற்றோர் ஒருவர் இன்னொரு பக்கம் மிரட்டினார். தாங்கள் அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளதைவிடத் தெளிவாக, சான்று சான்றாக, ஒன்றும் விடாமல் நடத்தினீர்கள். தங்கள் நம்பிக்கையைக் கேட்ட பிள்ளைகளுக்கு, கடைசி மணி அடித்த பிறகு சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் சொன்னீர்கள். நம்பாததை எதற்கு இத்தனை அக்கறையாக நடத்துகிறீர்கள் என்று நான் கேட்டேன். அடுத்தவர் சொன்னதைக் குறைத்துச் சொன்னால் அதுவும் பொய்ச்சாட்சிதான் என்றீர்கள். அந்த வகுப்புக்குப் போகும் முன் குழாயடியில் நின்று மூன்று முறை முகம் கழுவுவீர்கள். எனக்குப் பிடித்த பக்கம் வளைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்பீர்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் தெரிந்ததில்லை.

இனி அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

இரண்டு நாள் மழை விட்ட காலைநேரம். உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்த அறையிலிருந்து ஒன்றை இழுத்து வரப் போன இசக்கிசெல்வி, விரலை ஏதோ சுருக்கென்று குத்தியது என்று கையை உதறிக்கொண்டு வந்தாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. இரவுக் காவலர் சுடலைமணி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஓடிப்போய்ப் பெஞ்சைப் புரட்டி, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட ஒரு பாம்பை அடித்து, கம்பில் தொங்கவிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். தாங்கள் அந்நேரம் பின்கட்டிடத்தில் வகுப்பில் இருந்தீர்கள். ஆய்வகத்தில் இருந்தது நான்.

"டீச்சர், இது வெசப்பாம்பா, இல்லையா? பாத்துச் சொல்லுங்க," என்றார் சுடலைமணி.

அலமாரியில் பதினேழாம் ஜாடியும் பதினெட்டாம் ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கட்டுவிரியன், கடித்தால் வலிக்காது, வீங்காது, சில மணி நேரத்தில் மூச்சை நிறுத்திவிடும். மற்றது வெள்ளிக்கோல்வரையன், பார்வைக்குக் கட்டுவிரியனைப் போலவே இருக்கும், விஷம் கிடையாது. செத்த பாம்பு பதினெட்டாம் ஜாடிக்குள் இருந்ததைப் போலவே இருந்தது. பதினெட்டின் சீட்டில் வெள்ளிக்கோல்வரையன், விஷமற்றது என்று எழுதியிருந்தது. விரலில் வீக்கமும் இல்லை. பயப்படாதே அம்மா, இது ஒன்றும் செய்யாது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். விரலைக் கழுவச் சொல்லி, தலைமை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, சூடாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

நாற்பது நிமிடம் போனது. வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு கண் திறக்க முடியவில்லை என்றாள். இமைகள் கீழே இறங்கிக்கொண்டே வந்தன. தாளாளர் ஐயா அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். இடைவேளை மணி அடித்து ஆய்வகத்துக்குள் வந்த தாங்கள், மேசையில் கிடந்த பாம்பைக் குனிந்து பார்த்தீர்கள். அதன் முதுகுத்தண்டின் மேல் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாய், ஆறு மூலையாய் இருந்தன. கட்டுவிரியனுக்குத்தான் அப்படி இருக்கும். தங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஓடிவந்து, ஜெபித்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தீர்கள்.

"ஜெபத்த வண்டியில வச்சுப் பண்ணிக்கிடலாம் ஐயா. கார்ச் சாவியத் தாங்க."

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பாதியிலேயே மூச்சுத் திணறியது. நூற்றெட்டு வண்டியில், காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே, திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். நான்கு நாள் இயந்திரம்தான் அவளுக்காக மூச்சுவிட்டது. வராந்தாவில் தாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் நான் இருந்தேன். குதிரையின் ரத்தத்திலிருந்து இந்த மருந்தை எடுக்கிறார்கள், பாம்பையும் குதிரையையும் செய்தவர் ஒருவர் என்பதால்தான் ஒன்றின் விஷத்துக்கு இன்னொன்றின் உடம்பில் பதில் கிடைக்கிறது, அதைத் தேடி எடுத்தவர்கள் தாமே அறியாமல் அவருடைய வேலையைச் செய்தார்கள் என்றீர்கள். சொல்லும்போதே தங்கள் பற்கள் கிட்டித்தன. நம்புகிறவருக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஐந்தாம் நாள் அவள் கண் திறந்தாள். ஆறாம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாங்கள் மேடையேறி, இறைவாழ்த்து முடிந்ததும் பேசினீர்கள். அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. "ஆய்வகத்துல பதினெட்டாம் ஜாடியில தப்பான சீட்டு இருந்தது. ஆய்வகம் என் பொறுப்பு. மூணு மாசமா அதத் தாண்டிப் போனேன், நின்னு பாக்கல. என்னைய மன்னிச்சிருங்க."

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அன்னக்கிளி அம்மா பள்ளி வாசலில் நின்று, குனிந்து மண்ணை வாரித் தங்கள் முகத்துக்கு நேராகத் தூற்றினார். "எம் புள்ளைய ஜாடியில போடப் பாத்தியே வாத்தியாரே," என்றார். தாங்கள் கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் நின்றீர்கள். நிர்வாகம் விளக்கம் கேட்டது. அடுத்த ஆண்டு தங்களுக்கு வந்திருக்க வேண்டிய தலைமை ஆசிரியர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. தங்களுக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவரின் கீழே ஐந்து ஆண்டுகள், ஒரு நாள்கூட முகம் கோணாமல் வேலை பார்த்தீர்கள்.

கூடியிருக்கும் பெரியோரே! தாங்கள் எல்லோரும் கேட்க வேண்டியது இதுதான். அந்தச் சீட்டை எழுதியவர் ஜெபசிங் சார் இல்லை. நான்தான் எழுதினேன்.

அந்த ஆவணியில் ஆண்டாய்வுக்காக ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஜாடிகளை வராந்தாவில் இறக்கிவைத்ததில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுப் பழைய சீட்டுகள் கரைந்துவிட்டன. சார் பயிற்சிக்கு மதுரைக்குப் போயிருந்தார். வந்து நானே பார்த்துக்கொள்கிறேன், ஒன்றும் ஒட்ட வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலை அதிகாரிகள் வருகிறார்கள், சீட்டில்லாத ஜாடியைப் பார்த்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று எனக்குப் பயம். இருப்புப் பதிவேட்டைப் பார்த்து நாற்பத்திரண்டு சீட்டுகளை என் குண்டு எழுத்தில் எழுதினேன். தவளையும் தேளும் தூரத்திலிருந்தே தெரிந்தன, சரியாக ஒட்டினேன். பாம்பு ஜாடிகளை வெள்ளையடித்தவர்கள் முன்பின்னாக அடுக்கியிருந்தார்கள். எனக்குப் பாம்பென்றால் பயம். செத்து, ஜாடிக்குள் வெளுத்துக் கிடந்தாலும் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதிவேட்டின் வரிசைப்படி ஒட்டிவிட்டேன். உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளையிடம் பயப்படாதே என்று சொன்ன என் துணிச்சல், நான் பயந்துபோய் ஒட்டிய ஒரு சீட்டிலிருந்து வந்தது.

உண்மைக்குச் சாட்சியான உத்தமரே! கூட்டத்தில் தாங்கள் பேசியபோது நான் இரண்டாம் வரிசையில் நின்றிருந்தேன். தாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒட்டியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. என் பெயர் வந்துவிடுமோ என்று, முன்னால் நின்றவரின் தோளுக்குப் பின்னால் சற்றே நகர்ந்துகொண்டேன். அன்று மாலை என்னை ஆய்வகத்துக்கு அழைத்து, பதினெட்டாம் ஜாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் அந்தச் சீட்டைத் தாங்கள் சுரண்டி எடுத்தீர்கள். என் எழுத்து தங்கள் விரலில் ஒட்டியது. தாங்கள் சுரண்டச் சுரண்ட ஜாடிக்குள் பாம்பும் ஆடியது. அப்போது தாங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"மொதல்ல பேரு வச்சவரும் ஆதாம்தான் டீச்சர். மொதல்ல பயந்துபோய் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சவரும் அவருதான். பயப்படலாம். ஒளியத்தான் கூடாது."

வழக்கமான வேதபாடம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். ஜாடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு ஆறு ஆண்டுகள், தேநீர் இடைவேளையில், என் எதிரில் உட்கார்ந்து இலையைப் பற்றியும் பாறையைப் பற்றியும் பேசினீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒளிந்திருந்த ஆதாமை எங்கே இருக்கிறாய் என்று கூப்பிட்டவருக்கு அவன் இருந்த இடம் தெரியாமல் இல்லை, அவனே வெளியே வரட்டும் என்றுதான் கூப்பிட்டார் என்று ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் தாங்கள் பேசினீர்கள். பின்வரிசையில் எனக்கு வியர்த்தது. தாங்கள் என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

தாங்கள் நம்பும் ஆறு நாளை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு ஜாடிக்குள் பார்க்க வேண்டும் என்று தாங்கள் சொன்ன அறிவியலை நம்புகிறேன். அன்றைக்கு அந்த நினைப்பு எனக்கு இருந்திருந்தால், முகத்தைத் திருப்பியிருக்க மாட்டேன்.

அன்னக்கிளி அம்மா, நீங்கள் வாரித் தூற்றிய மண் விழ வேண்டிய தலை என்னுடையது. வாசலில் காத்திருப்பேன். தாளாளர் ஐயா அவர்களிடம் இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இசக்கிசெல்வி, உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆன்றவிந்தடங்கிய ஆசிரியரே! ராயகிரிக்குத் திரும்பும் தங்கள் கண்ணொளி மங்காதிருக்க! கைநடுக்கம் காணாதிருக்க! தங்கள் துணைவியாரும் மக்களும் சூழ, நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் இனி இல்லாமல் விடிந்தபின் எழுக! தாங்கள் பயந்து வாழ்ந்த அந்தப் பயம் மட்டும் எங்களை விட்டுப் போகாமல், அந்த ஆய்வகத்திலேயே தங்குக!

பதினொரு அடைமொழிகளும் கொண்ட குருசாமி ஐயாவின் மடல் ஏற்கெனவே சட்டத்துக்குள் அழகாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, என் கையால் எழுதிய இந்தத் தாளை வைக்கும்படி சட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் அலுவலர் கையெழுத்துக்கான இடம் கீழே காலியாக இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்ட பிறகும் என் பெயருக்குக் கீழே தம் பெயர் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் போடலாம். இந்த முறை, ஒட்டும் முன் உள்ளே இருப்பவரை நேராகப் பார்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,

சிவசக்தி,
பதினெட்டாம் ஜாடிக்குச் சீட்டு எழுதியவள்,
சங்கரன்கோவில்.